நேற்றைய விற்பனை: பதினேழு

உப்போடை பேருந்து நிலையத்தில் பதினொன்றரை மணி வண்டியிலிருந்து பதினேழு போர்வீரர்கள் செப்புத் தலைக்கவசத்தோடும் தோல் கேடயத்தோடும் இறங்கிய அந்தச் சித்திரை மாதச் செவ்வாய்க்கிழமை, எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஜெபசீலி யாரோ ஒருவருடைய வருமானச் சான்றிதழை நகல் எடுத்துக்கொண்டிருந்தாள், மெஷினின் வெளிச்சம் முகத்தில் ஓடி முடிந்ததும் நிமிர்ந்து பார்த்து, வந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணி, பதினேழு சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும், அடுத்த தாளை வைத்தாள்.

அவள் எண்ணியதற்குக் காரணம் இருந்தது. கடை வாசலில் தொங்கிய கரும்பலகையில் அன்று காலை அவள் எழுதியிருந்த வாசகம் இது: "ஏழு கணவாய். நேற்றைய விற்பனை: 17. பதினேழும் ஒரே கல்யாணத்துக்குப் பரிசாக வாங்கியவை. மாப்பிள்ளை ஓட்டம்."

ஏழு கணவாய் என்பது ஒரு கம்ப்யூட்டர் போர் விளையாட்டு. பதினோரு வருடமாக வருகிறது வருகிறது என்று சொல்லி, போன தை மாதம்தான் வந்தது. மற்றப் போர் விளையாட்டுகளில் சுடலாம், வெடிக்கலாம், கோட்டையைத் தரைமட்டம் ஆக்கலாம். இதில் முக்கால்வாசி நேரம் தண்ணீர் சுமக்க வேண்டும். கிணற்றிலிருந்து போர்முனை வரை வீரர்கள் விட்டுப்போகாமல் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றிக் கொடுத்தால்தான் படை ஓர் அடி நகரும். வரிசையில் ஓர் ஆள் குறைந்தாலும் முன்னால் நிற்பவன் "நீர் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவான். இப்படி ஒரு விளையாட்டை யார் வாங்குவார்கள் என்பது உலகத்துக்கே தெரிந்த கேள்வியாக இருந்தாலும், உப்போடையில் மூன்று பேர் வாங்கினார்கள், வாங்கியது மட்டுமல்லாமல் அதிலேயே கிடந்தார்கள்: ஜெபசீலி, பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த கருத்தப்பாண்டி, மாடியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் ரியாசுதீன்.

விற்பனை எத்தனை என்று விளையாட்டைச் செய்தவர் எங்கேயும் சொல்லவில்லை. சொல்லாததால் இவர்கள் சொன்னார்கள். காலையில் ஜெபசீலி பலகையில் ஒரு கணக்கு எழுதுவாள், கருத்தப்பாண்டி அதைப் போனில் படம் பிடித்து விளையாட்டின் இணையப் பக்கத்தில் போடுவார், டாக்டர் அதன் அடியில் இன்னும் நாலு வரி ஏற்றிவைப்பார். "நேற்றைய விற்பனை: 1, கை தவறி." "நேற்றைய விற்பனை: 3, மூன்று பேரும் தங்களை மன்னிக்கும்படி வீட்டாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்." பஸ்ஸுக்கு நிற்பவர்கள் விளையாட்டு என்னவென்று தெரியாமலேயே படித்துச் சிரிப்பார்கள். அந்தப் பதினேழுக்குத்தான் நிலையமே சிரித்தது, சிரித்த வாய் மூடுவதற்குள் வண்டி வந்தது.

இறங்கிய பதினேழு பேரும் பிளாட்பாரத்தில் அசையாமல் நின்றார்கள். ஈட்டிகள் வண்டியின் கூரையில் கிடந்தன, கண்டக்டர் அவற்றுக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டிருந்தார். டீக்கடைக்காரர் எட்டிப்பார்த்து, "டீயா, காபியா?" என்று கேட்டார்.

"காத்திருக்கிறோம்," என்றான் முன்னால் நின்ற மீசைக்காரத் தலைவன்.

"பால் இப்பத்தான் கொதிக்கி. செத்த நேரம் ஆகும்," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

இவர்கள் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்பது ஜெபசீலிக்குத் தெரியும். விளையாட்டில் ஆடுகிறவர் முறை கொடுக்காமல், அதாவது நகரலாம் என்று உத்தரவு போடாமல், எந்த வீரனும் நகரமாட்டான். அதை எப்படிக் கொடுப்பது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பின்னால் வேறு வண்டி வந்து ஹாரன் அடிக்க, கருத்தப்பாண்டி பழக்கத்தில் விசிலை ஊதி, "போலாம், ரைட்!" என்றார். பதினேழு பேரும் இடதுகாலை எடுத்துவைத்து மூன்றடி நடந்து நின்றார்கள்.

"ஏ தாயி," என்றார் கருத்தப்பாண்டி, விசிலை வாயிலிருந்து எடுக்காமலே, "இவிய நம்ம ஆளுகல்லா?"

"ஆமா அண்ணாச்சி. இரண்டாம் கணவாய்ப் படை. அந்தக் கடைசி ஆளுக்குக் காது ஒண்ணு சின்னதா இருக்கும் பாருங்க."

இருந்தது.

அன்றிலிருந்து பலகையில் எழுதிய எண்ணுக்கு எத்தனை பேரோ அத்தனை பேர் பதினொன்றரை வண்டியில் வந்தார்கள். "விற்பனை: 40. மலைச்சுற்றுலா வழிகாட்டி என்று நினைத்து வாங்கியவர்கள்" என்று எழுதிய நாளில் நாற்பது பேர். "விற்பனை: 112. தூக்கம் வராதவர்களுக்கு மருத்துவர் பரிந்துரை" என்ற நாளில் நூற்றுப்பன்னிரண்டு பேர், அதற்கு ஸ்பெஷல் வண்டி இரண்டு விட வேண்டியிருந்தது. "விற்பனை: 2½. அரை ஆள் இன்னும் யோசிக்கிறார்" என்று எழுதியபோது இரண்டு பேர் இறங்க, மூன்றாமவன் ஒரு காலைத் தரையில் வைத்து மறுகாலைப் படிக்கட்டிலேயே வைத்து யோசித்தபடி அந்த வண்டியோடு போய்விட்டு, மறுபடி வந்து, மறுபடி போனான். கண்டக்டர் அவனுக்கு அரை டிக்கெட் போட்டார். டாக்டர் ஒருநாள் குறும்பாக "மைனஸ் 3, வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள்" என்று எழுதச்சொல்லி, மூன்று வீரர்கள் வண்டியேறிப் போய்விட்டதால் ஊரே வருத்தப்பட்டது, இனி மைனஸ் போடக்கூடாது என்று பேரூராட்சிக் கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

ஊர் அவர்களைப் பற்றி முதலில் கேட்ட கேள்வி எங்கே தங்குவார்கள் என்பதுதான். அவர்கள் தங்கவில்லை, நின்றார்கள். இரண்டாவது கேள்வி சோறு. சோறு வேண்டியதில்லை, தண்ணீர் போதும் என்று தெரிந்ததும் மூன்றாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த வார்த்தைகள் மூன்றே மூன்று: "ஆணை", "நீர் இல்லை", "காத்திருக்கிறோம்". அதை வைத்துக்கொண்டு ஊரில் பேச முடியாத பேச்சே இல்லை என்பது ஒரு வாரத்தில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. கல்யாணத் தரகர் ஒருவர் பத்து வீரர்களிடம் வரிசையாகப் போய்ப் பெண் பார்க்கலாமா என்று கேட்டு, பத்துப் பேரும் காத்திருக்கிறோம் என்று சொன்னதில் உற்சாகமாகி ஒரு புது நோட்டே போட்டார்.

உப்போடையில் குழாயில் தண்ணீர் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும், வந்தால் முக்கால் மணி நேரம். ஒரு மைலுக்கு அப்பால் செவக்காட்டுக் கிணற்றில் தண்ணீர் கிடந்தாலும் ஊருக்குக் கொண்டுவர வழியில்லை. வந்த வீரர்களோ, விளையாட்டில் செய்ததையே இங்கும் செய்தார்கள். ஐந்நூறு பேர் சேர்ந்த அன்று காலை மீசைக்காரத் தலைவன் தானே போய்க் கிணற்றடியில் நின்றான், அவனுக்குப் பத்தடி தள்ளி ஒருவன், அவனுக்குப் பத்தடி தள்ளி இன்னொருவன் என்று கரிசல் காட்டின் நடுவே செப்புத் தொப்பிகள் வெயிலில் பளபளக்க வரிசை நீண்டுகொண்டே வந்து பேருந்து நிலையத்தைத் தொட்டது. கருத்தப்பாண்டி விசில் ஊதி "ரைட்!" என்றதும் முதல் குடம் கிளம்பியது, கைமாறிக் கைமாறி இருபது நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அதன்பிறகு ஒவ்வொரு நாள் சிரிப்புக்கும் வரிசை ஒரு தெரு வளர்ந்தது. கீழரத வீதி, பள்ளிவாசல் தெரு, தையல்காரர் சந்து. காலையில் ஜெபசீலி சாக்பீஸை எடுத்தாலே குடத்தோடு ஒரு கூட்டம் வந்து நின்று, படித்து, வயிற்றைப் பிடித்துச் சிரித்துவிட்டுப் போகும்.

வரிசை எழுநூற்று முப்பது பேரோடு கிழக்குக் காலனியின் எல்லையில் வந்து நின்றது. காலனி ஊரின் கடைசி. எது வந்தாலும், ரோடானாலும் விளக்கானாலும், அங்கே கடைசியாக வரும், அல்லது வரும் வழியில் நின்றுவிடும். இன்னும் நூற்று நாற்பது அடி, பதினான்கு ஆள் தேவை.

அன்று மாலை நாலு மணிக்குக் கடையில் தனியாக இருந்தபோது ஜெபசீலி தன் பலகையின் படத்துக்கு அடியில் புதிதாக ஒரு வரியைப் பார்த்தாள். டாக்டர் எழுதியது இல்லை.

"நான்தான் இந்த விளையாட்டைச் செய்த நாச்சிமுத்து. தினமும் உங்கள் கணக்கைப் படித்துவருகிறேன். இன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்."

அவ்வளவுதான் இருந்தது. அவள் மூன்று முறை படித்தாள். இந்தக் கேலியை அந்த ஆள் படிப்பார் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. பதினோரு வருடம் ஒருவர் ஒரு வேலையைச் செய்துவிட்டு, காலையில் எழுந்து, கை தவறி ஒன்று விற்றது என்று படிப்பதை அவள் மனதில் பார்த்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை கவுன்சிலரம்மா சண்முகக்கனி நேரே வந்து பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ஏ ஜெபசீலி, பதினாலுன்னு எழுது. காலனிக்கு இன்னைக்குத் தண்ணி விடுதேன்னு சொல்லிட்டேன்."

ஜெபசீலி எழுதினாள்: "நேற்றைய விற்பனை: 14." அடுத்த வரி வரவில்லை. கூட்டம் பலகையைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, ஒருவரும் சிரிக்கவில்லை. பதினொன்றரை வண்டியில் இருந்து ஒரு மூட்டை வெங்காயமும் இரண்டு மாமியார்களும் இறங்கினார்கள்.

"நூறு போடு," என்றார் சண்முகக்கனி மறுநாள்.

நூறு போட்டாள். வெங்காயம்கூட வரவில்லை.

சிரிப்பு வராமல் வீரர் வரமாட்டார் என்பது ஊருக்குப் புரிந்ததும், ஊரே சிரிப்புத் தேடிப் புறப்பட்டது. சண்முகக்கனி ஒலிபெருக்கி வைத்த ஆட்டோவில் நகைச்சுவைத் துணுக்கு அனுப்புவோர் வரவேற்கப்படுகிறார்கள் என்று அறிவிப்புச் செய்தார். டாக்டர் பல் பிடுங்கும்போது நோயாளிகளிடம் யோசனை கேட்டார், அவர்கள் சொன்னது ஒன்றும் புரியவில்லை. கணக்கு வாத்தியார் ஒருவர் விற்பனையை வர்க்கமூலத்தில் எழுதினால் சிரிப்பு வரும் என்று அடித்துச் சொன்னார். எழுதினார்கள், வாத்தியார் மட்டும் சிரித்தார், அந்த வண்டியில் ஒரு தலைக்கவசம் மட்டும் தனியாக வந்தது.

நான்காம் நாள் காலனியிலிருந்து பாக்கியத்தாய் வந்தாள். இடுப்பில் காலிக்குடம். அவளும் ஜெபசீலியும் ஒன்றாகத் தீப்பெட்டி ஒட்டியவர்கள்.

"ஏ ஜெபசீலி, பள்ளிவாசல் தெருவுக்குச் சிரிப்பு வந்திச்சு. தையக்காரன் சந்துக்குக்கூட வந்திச்சு, அங்க மொத்தமே ஆறு வீடு. எங்க தெருவுக்கு மட்டும் வரமாட்டேங்கு, என்ன?"

"மதினி, வேணும்னே செய்வேனா? எழுத வரலை."

"ஏன் வரலை?"

ஜெபசீலி போனை நீட்டினாள். பாக்கியத்தாய் குடத்தை இறக்கிவைத்துவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"சரி," என்றாள். "மனசு நொந்து கெடக்கானே மனுசன். நீ இங்க உக்காந்து சாக்பீஸை நோண்டுனா அவனுக்கு ஆறுமா? வரச்சொல்லு."

"எப்படி மதினி வரச்சொல்ல? என்னன்னு சொல்ல?"

"உன் ஆளுக எங்க ஊருல தண்ணி எடுக்காங்கன்னு சொல்லு. உள்ளதைத்தான சொல்லுத."

அவள் அப்படியே எழுதினாள். மூன்றாம் நாள் பதினொன்றரை வண்டியில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், சட்டைப்பையில் கண்ணாடியும் கையில் துணிப்பையுமாக இறங்கினார். சண்முகக்கனி எழுந்து ஓடினார்.

"ஒண்ணு வந்துட்டு! ஒண்ணு வந்துட்டு! எய்யா, ஈட்டி எங்க? கூரைலயா?"

"ஈட்டி இல்லீங்க," என்றார் அவர். "நானு நாச்சிமுத்துங்க. பொள்ளாச்சிப் பக்கம்."

டீக்கடைக்கு முன்னால் சின்னக் காதுக்காரன் குடத்தை வாங்கி அடுத்தவனிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். நாச்சிமுத்து அவன் அருகே போய் அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்க பெரியப்பா பையனுங்க இது," என்றார் மெதுவாக. "சின்ன வயசுலயே போயிட்டான். காது மட்டும் ஞாபகம் வெச்சு வரைஞ்சேன்."

"ஆணை," என்றான் சின்னக் காதுக்காரன்.

வரிசையோரமாகவே நாச்சிமுத்து ஒரு மைல் நடந்து கிணறு வரை போனார், ஜெபசீலி அவர் பின்னால் குடையோடு போனாள். போகும்போது ஒவ்வொரு முகத்தையும் நின்று பார்த்தார். திரும்பும்போது பேசினார்.

"இந்தத் தண்ணி வரிசைய எடுத்துருன்னு எல்லாரும் சொன்னாங்க. வெடிய வை, வித்துரும்னாங்க. எனக்கு மனசு வரலீங்க. தண்ணியில்லாம யாருங்க சண்டை போடுவா?"

"என்னை மன்னிச்சிருங்க."

"மன்னிக்கறதுக்கு என்னங்க. ஒண்ணு மட்டும் கேக்கறேன். அத்தன கேலி பண்றீங்களே, அவ்வளவு மோசமாங்க?"

ஜெபசீலி குடையைக் கை மாற்றிக்கொண்டாள். "நான் அஞ்சு தடவை ஏழு கணவாயையும் கடந்திருக்கேன். நாலாம் கணவாயில ஒரு தடவை வரிசையில ஓர் ஆளு அடிபட்டு விழுந்துட்டான். அவன் பிழைச்சு எழுந்து வர்றதுக்கு விளையாட்டுல முப்பது நாளு. நான் நிசமாவே முப்பது நாளு காத்திருந்தேன், தினமும் கடையைத் திறந்ததும் ஒரு நாளுக்குண்டான முறையை மட்டும் குடுத்துட்டு விளையாட்டை மூடி வச்சிருவேன். முப்பதாம் நாளு அவன் எழுந்து குடத்தை வாங்குனான். கடையில ஆளு இருக்கும்போதே அழுதுட்டேன். இதை யார்கிட்டச் சொன்னா விளங்கும்? அதான் கேலியா எழுதிப் போட்டேன்."

நாச்சிமுத்து நின்றுவிட்டார். "அந்த முப்பது நாளு," என்றார், "குறைக்கச் சொல்லித்தானுங்க எல்லாரும் திட்டுனாங்க."

கடை வாசலில் கருத்தப்பாண்டியும் டாக்டரும் தப்புச் செய்தவர்களைப் போல நின்றார்கள். கூட்டமும் இருந்தது. பாக்கியத்தாய் குடத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"சார்," என்றார் கருத்தப்பாண்டி, "தப்பா நினைக்கப்படாது. உள்ளபடி எத்தனைதான் வித்திச்சு?"

"ஒம்பதுங்க."

"ஒன்பதாயிரமா?" என்றார் சண்முகக்கனி.

"ஒம்பதுங்க."

டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"அதுல ரெண்டு நானு," என்றார். "முதல்ல வாங்குனது ஏதாவது ஆயிட்டா என்ன செய்யன்னு இன்னொண்ணு வாங்கி வச்சேன்."

"அட சண்டாளா!" என்றார் கருத்தப்பாண்டி. "அப்போ ஒன்பதே இல்லையா? எட்டுப் பேருதானா?"

நாச்சிமுத்துவின் முகம் ஒரு மாதிரி கோணியது. அழப்போகிறார் என்றுதான் ஜெபசீலி நினைத்தாள். அவர் அவள் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, பலகையை முழங்கையால் துடைத்துவிட்டு, பதினோரு வருடத்தில் முதல்முறையாகத் தன் கைப்படக் கணக்கை எழுதினார்: "ஏழு கணவாய். பிறந்தது முதல் இன்றுவரை விற்பனை: 9. அதில் பல் டாக்டர் இரண்டு."

எழுதி முடித்து ஓரடி பின்னால் வந்து, தானே எழுதியதைத் தானே படித்து, முதலில் மூக்கு வழியாகவும் பிறகு வாய் வழியாகவும் பிறகு உடம்பு முழுவதும் குலுங்கியும் அவர் சிரித்த சிரிப்பில் பேருந்து நிலையமே சேர்ந்துகொண்டது. சண்முகக்கனி நாற்காலியோடு சாய்ந்தார். வெளியூர் வண்டியில் இருந்தவர்கள் எதற்கென்று தெரியாமல் ஜன்னல் வழியாகச் சிரித்தார்கள்.

இரண்டே முக்கால் வண்டி வந்தது. ஐந்து பேர் இறங்கினார்கள். தலைக்கவசம் இல்லை, கேடயம் இல்லை. திண்டிவனத்திலிருந்து ஒரு கன்னிகாஸ்திரீ, நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி டிரைவர், மணப்பாறையிலிருந்து ஒரு வக்கீல், தஞ்சாவூரிலிருந்து ஏழு கணவாயில் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடுகிற ஒரு நாத்தனாரும் அண்ணியும். ஏன் வந்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை, காலையில் எழுந்ததும் உப்போடைக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்போல் இருந்தது என்றார்கள். அண்ணிக்குத்தான் முதலில் புரிந்தது. வரிசையைப் பார்த்தாள், வரிசை எங்கே நின்றுபோயிருக்கிறது என்று கண்ணால் தேடினாள்.

"எத்தனை ஆள் குறையுது?" என்று கேட்டாள்.

"பதினாலு," என்றாள் பாக்கியத்தாய்.

விளையாட்டை வாங்கியவர்கள் எட்டுப் பேரும், உள்ளூர் மூவரும் வந்திறங்கிய ஐவருமாக, போய் நின்றார்கள். நாச்சிமுத்து ஒன்பது. சண்முகக்கனி சேலையைச் செருகிக்கொண்டு பத்தாவதாக நின்றார். இரண்டே முக்கால் வண்டியின் டிரைவரும் கண்டக்டரும் வண்டியை ஆஃப் பண்ணிவிட்டு வந்தார்கள், பயணிகள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். அதற்குமேல் நிற்க யாரும் முன்வராததால் இரண்டு பேர் குறைந்தார்கள். ஆளுக்கு இரண்டடி தள்ளி நின்று, மிச்சத்துக்குக் கையை நீட்டிக்கொள்ளலாம் என்று முடிவானது. கருத்தப்பாண்டி வரிசையில் நின்றபடியே ஊதினார்.

"போலாம், ரைட்!"

குடம் வந்தது. எழுநூற்று முப்பது பேரிடம் ஒரு சொட்டும் சிந்தாமல் வந்த குடம், இந்தப் பன்னிரண்டு பேரிடம் வந்ததும் ஆட ஆரம்பித்தது. லாரி டிரைவர் கன்னிகாஸ்திரீயை நனைத்தார், வக்கீல் தன்னையே நனைத்துக்கொண்டார், நாத்தனார் அண்ணியிடம் கொடுத்தபோது தற்செயலாகத்தான் கொட்டியது என்று சத்தியம் செய்தாள். கடைசியில் நின்ற நாச்சிமுத்து அதை வாங்கி, பாக்கியத்தாயின் வீட்டு வாசலில் அவள் குடத்தில் கவிழ்த்தபோது குடத்தில் கால்வாசிதான் இருந்தது. பாக்கியத்தாய் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்னய்யா இது? அம்புட்டையும் கீழ கொட்டிட்டு வந்திருக்கீய?"

"விற்பனையும் அப்படித்தாங்க கீழ கொட்டிப்போச்சு," என்றார் நாச்சிமுத்து.

பாக்கியத்தாய் சிரித்தாள். என்ன சொன்னார் என்று பக்கத்தில் நின்ற ஜெபசீலி கேட்டாள், கேட்டுச் சிரித்து, அடுத்து நின்ற டாக்டரிடம் சொன்னாள், டாக்டர் கன்னிகாஸ்திரீயிடம் சொன்னார், தண்ணீர் வந்த வழியிலேயே அந்தப் பேச்சு வாய்க்கு வாய் திரும்பிப் போயிற்று. காலனி எல்லையில் நின்ற வீரன் அதைக் கேட்டு, வாழ்நாளில் முதல்முறையாக, தெரிந்த மூன்று வார்த்தைகளைத் தாண்டி ஒரு வார்த்தையை வாயில் போட்டுப் பார்த்து அடுத்தவனிடம் சொன்னான். தையல்காரர் சந்தில் 'கீழே' உதிர்ந்தது, பள்ளிவாசல் தெருவில் 'போச்சு' உதிர்ந்தது, கரிசல் காட்டு வெயிலில் ஐந்நூறு வாய்களில் தேய்ந்து மெருகேறி, கிணற்றடியில் நின்ற மீசைக்காரத் தலைவனிடம் வந்து சேர்ந்தபோது அது இரண்டே சொல்லாக இருந்தது.

"விற்பனை கொட்டுதாம்!"

தலைவன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கிணற்றுச் சுவரில் வைத்தான், இரண்டு கையாலும் மீசையைத் துடைத்துக்கொண்டான், யாரும் முறை கொடுக்கக் காத்திருக்காமல் அடுத்த குடத்தை இறைத்தான்.